கதவுக்கு அண்டக் கொடுத்த கல்
(பனாபாத் தீவின் சுரங்க உரிமை வழக்கு)

இரசாயனம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாளேனும் செய்து பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கல்லைப் பொடி செய்து நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறோம். அம்மோனியம் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து இளஞ்சூடு காட்டுகிறோம். சோதனைக்குழாயின் அடியில் மஞ்சள் தூள் படிந்தால், கல்லில் பாஸ்பேட் உண்டு என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். ஆசிரியர் கையொப்பமிடுகிறார். குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விடுதிக்குச் சாப்பிடப் போகிறோம்.

நானும் அப்படித்தான் போனேன். பின்னர் ஒரு நாள், உரங்களைப் பற்றிய பாடத்திற்காக நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, இத்தகைய ஒரு கற்சோதனை ஒரு மக்கட் கூட்டத்தையே அதன் தாய்மண்ணிலிருந்து பெயர்த்துவிட்ட வரலாறு கண்ணில் பட்டது. அது சட்டம் படிப்போருக்கும் அரசியல் படிப்போருக்கும் உரிய பொருள் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அந்த வரலாற்றின் முதல் ஏடு ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே விஞ்ஞான மாணவன் ஒருவன் அதை எழுதுவதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

கல்லும் உரமும்

பயிருக்கு முதன்மையான உணவுகள் மூன்று: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். இவற்றுள் நைட்ரஜன் காற்றிலேயே நிறைந்திருக்கிறது. அதனைக் காற்றிலிருந்து பிரித்து உரமாக்கும் வழியை ஹேபர், பாஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டனர். பாஸ்பரஸ் அப்படியன்று. அது காற்றில் இல்லை. அதற்கு மாற்றாக நிற்கக்கூடிய வேறு தனிமமும் இல்லை. அது மண்ணிலிருந்துதான் வரவேண்டும்; மண்ணில் குறைந்தால் எங்கிருந்தேனும் கொண்டுவந்து போடவேண்டும்.

பாஸ்பேட் கல்லை அப்படியே பொடித்து வயலில் இட்டால் பயன் குறைவு. அது நீரில் எளிதில் கரையாது. கந்தக அமிலத்தோடு சேர்த்தால் கரையும் பொருளாகிறது. இதுவே சூப்பர் பாஸ்பேட். இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842-ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமை பெற்றார். நம் இராணிப்பேட்டையிலும் 1906-ஆம் ஆண்டிலேயே சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அங்கே கோதுமையும் புல்வெளியும் செழிக்க வேண்டுமானால் பாஸ்பேட் கல் மலைமலையாகத் தேவை. இந்தத் தேவையை மனத்தில் வைத்துக்கொண்டு இனிக் கதைக்கு வருவோம்.

1899-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பசிபிக் தீவுகளோடு வாணிபம் செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகம். அங்கே கதவு மூடாதிருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்து வைத்திருந்தார்கள். நவுருத் தீவிலிருந்து ஒருவர் எடுத்து வந்த கல் அது. கல்லாய்ச் சமைந்த மரம் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் இளைஞர் அதே கம்பெனியில் பணி செய்தார். அவருக்கு அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க ஐயம் தோன்றியது. ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். மிக உயர்ந்த தரமுள்ள பாஸ்பேட் என்று தெரிந்தது.

நவுரு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. அதற்குக் கிழக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவில் அதே அமைப்புடைய இன்னொரு தீவு உண்டு. வெள்ளையர் அதற்கு ஓஷன் தீவு என்று பெயரிட்டிருந்தனர். அங்கு வாழ்ந்த மக்கள் அதனைப் பனாபா என்றனர். நவுருவில் உள்ள கல் பனாபாவிலும் இருக்கவேண்டும் என்று எல்லிஸ் ஊகித்தார். ஊகம் பலித்தது.

முதல் ஒப்பந்தம்

பனாபா சிறு தீவு. பரப்பு ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே தன்னந்தனியாகக் கிடக்கிறது. ஆறு இல்லை, ஏரி இல்லை. மழை பொய்த்தால் பாறைக்கு அடியில் உள்ள குகைகளில் ஊறும் நீர்தான் உயிர் காக்கும். அந்தக் குகைகளுக்குள் இறங்கி நீர் எடுத்துவரும் பொறுப்பும் உரிமையும் பெண்களுடையவை. தீவில் அக்காலத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர். நிலம் முழுவதும் தனித்தனிக் குடும்பங்களுக்கு உரியது. எல்லா நிலத்தின்மேலும் ஆணை செலுத்தும் அரசன் என்று ஒருவன் அங்கே இருந்ததில்லை.

1900-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் எல்லிஸ் அங்கே கரையிறங்கினார். தெமாத்தே என்னும் பெரியவரைத் தீவின் அரசர் என்று குறித்து ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தீவிலுள்ள பாஸ்பேட் முழுவதையும் வெட்டி ஏற்றிச் செல்லும் தனியுரிமை கம்பெனிக்கு 999 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அதற்கு ஈடு ஆண்டுக்கு 50 பவுன். அல்லது அந்த மதிப்புள்ள கடைச்சரக்கு. மக்கள் பயிரிட்ட தென்னையும் பிற கனிமரங்களும் நிற்கும் இடங்களில் பாஸ்பேட் மண்ணை எடுப்பதில்லை என்ற ஒரு விதியும் அதில் இருந்தது.

இதில் மூன்று செய்திகளை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஒப்பந்தத்தில் குறியிட்டவருக்கு அதைச் செய்ய அதிகாரம் இல்லை. தன் நிலத்தை ஒருவர் கொடுக்கலாம். ஊரார் அனைவருடைய நிலத்தையும் கொடுக்க அவர் யார்?

இரண்டாவது, 999 ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 49,950 பவுன் ஆகிறது. அதே தொழில் இருபது ஆண்டுகள் கழித்து, நவுருவில் இருந்த உரிமைகளையும் சேர்த்து, 35 இலட்சம் பவுனுக்குக் கைமாறியது. அதாவது பனாபா மக்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கென்று எழுதிய தொகையைப் போல எழுபது மடங்கு.

மூன்றாவதே என்னை மிகவும் வருத்துவது. அந்தக் கல்லின் மதிப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பனாபா மக்கள் காலகாலமாக அதன்மேல் நடந்தார்கள். அதை உடைத்து அதன் நடுவே மரம் வைத்தார்கள். ஆனால் சோதனைக்குழாயின் அடியில் படிந்த மஞ்சளைப் பார்த்தவர் எல்லிஸ் ஒருவரே.

ஆட்சியும் கம்பெனியும்

கல் கப்பலேறத் தொடங்கிய பின்னர்ப் பிரிட்டிஷ் சர்க்கார் தீவைத் தன் ஆட்சிக்குள் முறையாகச் சேர்த்துக்கொண்டது. கம்பெனிக்குச் சர்க்காரின் உரிமமும் கிடைத்தது. கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் ஆட்சித் தலைமையிடமே 1908-ஆம் ஆண்டில் பனாபாவுக்கு மாற்றப்பட்டது. ஆளுகின்றவரும் கல் வெட்டுகின்றவரும் ஒரே தீவில் அண்டை வீட்டாரானார்கள்.

ஆயினும் மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. நிலம் குழியாவதைக் கண்டு மேலும் நிலம் கொடுக்க மறுத்தனர். நெடிய பேச்சுக்குப் பிறகு 1913-ஆம் ஆண்டில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. ஏக்கருக்கு 40 முதல் 60 பவுன் வரை விலை. டன்னுக்கு 6 பென்ஸ் ராயல்டி. அக்காலக் கணக்கில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஆகவே நாற்பது டன் கல் போனால் ஒரு பவுன் வரும். அதுவும் மக்கள் கையில் நேரே வராது. அவர்கள் நலனுக்கென்று ஆட்சியாளர் வைத்திருக்கும் நிதியில் சேரும்.

இந்த உடன்பாட்டில் இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. வெட்டி முடித்த நிலத்தை உரியவரிடம் திருப்பித் தரவேண்டும். அதில் தென்னையும் பிற உணவு மரங்களும் நட்டுக் கொடுக்கவேண்டும், இயன்றவிடமெல்லாம். கடைசியில் வரும் அந்த ஒரு சொல்லை மறவாமல் வைத்திருங்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் அது மீண்டும் வரும்.

1920-ஆம் ஆண்டில் கம்பெனி விலகியது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து தொழிலை வாங்கிப் பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள் என்ற அமைப்பை நிறுவின. கம்பெனி போய் அரசு வந்தால் மக்களுக்கு நல்லது என்று நாம் எண்ணுவோம். இங்கே நிகழ்ந்தது வேறு. கம்பெனிக்கு இலாபம் வேண்டும். அதற்காகவேனும் கல்லை நல்ல விலைக்கு விற்கும். இந்த மூன்று அரசுகளோ தம் உழவர்களுக்கு மலிவான உரம் தேடின. கல்லை அடக்க விலைக்கே தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. இலாபம் என்று ஏட்டில் ஒன்றும் நிற்காதபோது, அதில் பங்கு கேட்பது எப்படி? பனாபாவின் கல் குறைந்த விலைக்குப் போனதால் வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் கோதுமையும் நியூசிலாந்தின் புல்லும். நீதி கேட்கவேண்டிய இடமும் அதே பிரிட்டிஷ் ஆட்சிதான்.

1927, 1928-ஆம் ஆண்டுகளில் கமிஷனர்கள் மேலும் 150 ஏக்கர் கேட்டனர். மக்கள் மறுத்தனர். 1928-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. நிலத்துக்காரர் இணங்காவிட்டாலும் நிலத்தை எடுத்துக்கொள்ளச் சர்க்காருக்கு அது அதிகாரம் தந்தது. அப்போது அங்கே ரெசிடெண்ட் கமிஷனராக இருந்தவர் ஆர்தர் கிரிம்பிள். அவர் அத்தீவு மக்களின் மொழியும் வழக்கங்களும் நன்கறிந்தவர். பிற்காலத்தில் அவர்களைப் பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்றவர். அவரே புவாகோனிகாய் என்னும் ஊராருக்கு 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு கடிதம் எழுதினார். கையொப்பமிட்டால் நன்மை, இடாவிட்டால் நிலமும் கட்டாயமாகப் போகும், ஊரின் கதி என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள் என்பது அதன் சாரம். மொழியறிவும் அன்பும் உள்ள ஓர் அதிகாரிகூட ஆட்சி இயந்திரத்தின் பல்லாக மாறும்போது என்ன எழுதுவார் என்பதற்கு அக்கடிதம் சான்று. 1931-ஆம் ஆண்டில் அந்த நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

மண்ணை விட்டுப் போனது

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானியர் பனாபாவைப் பிடித்தனர். மக்களை நவுரு, தராவா, கோஸ்ராய் முதலிய தீவுகளுக்குச் சிதறடித்தனர். போர் முடிந்தபின் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை ஒன்று திரட்டியது. ஆனால் பனாபாவுக்கு அனுப்பவில்லை. அங்கே வீடுகள் அழிந்துவிட்டன என்று கூறி, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பிஜி நாட்டிலுள்ள ராம்பித் தீவுக்குக் கப்பலேற்றினர். 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பனாபா மக்கள் 703 பேர் அங்கே இறங்கினர். அவர்களுக்குக் கிடைத்தவை கூடாரங்கள். அந்த ராம்பித் தீவை 1942-ஆம் ஆண்டில் 25,000 பவுனுக்கு வாங்கியதும் பனாபா மக்களின் ராயல்டி நிதியிலிருந்தே.

1947-ஆம் ஆண்டில் ராம்பியிலேயே தங்குவதா என்று வாக்கெடுத்தபோது பெரும்பாலோர் தங்கவே இசைந்தனர். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அதே ஆண்டில் பனாபாவில் எஞ்சியிருந்த பாஸ்பேட் நிலத்திற்கும் ஒப்பந்தம் ஆயிற்று. தம் பக்கத்தில் சட்டம் அறிந்த ஆலோசகர் ஒருவரும் இல்லாமல் அவர்கள் அதில் கையொப்பமிட்டனர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கில்பர்ட், எல்லிஸ் தீவுகளில் பிற வருவாய் மிகக் குறைவு. பனாபாவின் கல்தான் அந்தக் குடியேற்ற நாட்டுச் சர்க்காருக்கே சோறு போட்டது. 1960-களில் பாஸ்பேட்டிலிருந்து கிடைத்த தொகையில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்காருக்கும் 15 பங்கு பனாபா மக்களுக்கும் போயிற்று. பனாபா மக்கள் தங்களுக்கு உரியதைக் கேட்டபோது, அது ஏழைகளான மற்றத் தீவு மக்களின் வாயிலிருந்து எடுப்பது போலாயிற்று. மலிவான கல்லால் மிகுந்த நன்மை பெற்றவர் மூன்று செல்வ நாட்டவர்; மிச்சத்திற்காக ஒருவரை ஒருவர் முறைத்து நின்றவர்களோ இரண்டு ஏழைக் கூட்டத்தார்.

நீதிமன்றத்தில்

1971-ஆம் ஆண்டில் பனாபா மக்கள் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 'தீட்டோ எதிர் வாடெல்' என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் வழக்கு இதுவே. 1975-ஆம் ஆண்டில் விசாரணை தொடங்கி 200 நாட்களுக்கு மேல் நடந்தது. நீதிபதி மெகாரி பனாபாவுக்கே நேரில் சென்று பார்த்தார். 1976-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தீர்ப்பு வந்தது.

வழக்கின் கரு இரண்டு கேள்விகள். முதல் கேள்வி: அரசு இம்மக்களுக்குத் தருமகர்த்தாவா? இதை நம் ஊர் வழக்கில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கோயில் நிலத்தைத் தருமகர்த்தா குறைந்த குத்தகைக்குத் தம் உறவினருக்கே விட்டால் நாம் வழக்குத் தொடரலாம், கணக்குக் கேட்கலாம். பனாபா மக்கள் சொன்னதும் இதுவே. எங்கள் சொத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட ஆட்சி தனக்கும் தன்னைச் சேர்ந்த நாடுகளுக்கும் அதை மலிவாக விட்டது என்றனர். நீதிபதியின் விடை: அரசுக்கு இங்கே இருந்தது ஆட்சிப் பொறுப்பு, நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்றக்கூடிய தருமகர்த்தாப் பொறுப்பு அன்று. மக்களுக்கு அநீதி நிகழ்ந்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் தம் கையில் இல்லை, அரசின் கையில்தான் உண்டு என்று கூறினார்.

இரண்டாம் கேள்வி: மரம் நடும் வாக்குறுதி என்னவாயிற்று? இங்கே மக்கள் பக்கமே நியாயம் என்று தீர்ப்பாயிற்று. கமிஷனர்கள் வாக்குத் தவறினர். ஆனால் இழப்பீடு எவ்வளவு? கல்லை எடுத்தபின் அங்கே எஞ்சியவை பவளப்பாறைத் தூண்கள். ஆள் உயரத்திற்கும் மேலாக, பல் வரிசை போல நிற்கும். இடையில் மண் இல்லை. மீண்டும் மரம் வளர்க்க வேண்டுமானால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டவேண்டும். அதற்குப் பெருந்தொகை ஆகும். மக்களோ இப்போது ராம்பியில் வாழ்கின்றனர். நட்ட மரத்தின் பயனை அவர்கள் நுகரப்போவதில்லை என்று கருதிய நீதிபதி, செலவுத் தொகையை மறுத்து மிகச் சிறிய தொகையே விதித்தார்.

இதனைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மண்ணை எடுத்தவர்கள், ஆளற்ற அந்த மண்ணில் மரம் எதற்கு என்ற காரணத்தால் கடனிலிருந்து தப்பிவிட்டார்கள். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். மனம் ஏற்க மறுக்கிறது.

தீர்ப்பிற்குப் பின் 1977-ஆம் ஆண்டில் மூன்று அரசுகளும் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தன. கடமையாக அன்று, கருணையாக என்று சொல்லியே தந்தன. 1981-ஆம் ஆண்டில் மக்கள் அதனை ஏற்றனர். அதற்குள் 1979-ஆம் ஆண்டில் கல் தீர்ந்து சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. இரண்டு கோடி டன்னுக்குக் குறையாமல் கல் கப்பலேறிப் போயிருந்தது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் கிரிபாத்தி விடுதலை பெற்றபோது, தனியே பிரிய வேண்டும் என்ற பனாபா மக்களின் வேண்டுகோள் ஏற்கப்படாமல், அத்தீவு கிரிபாத்தியோடு சேர்ந்தது. அந்நாட்டு அரசியல் சட்டம் அவர்களுக்குச் சில தனி உரிமைகளைத் தந்திருக்கிறது. ராம்பியில் வாழ்வோருக்கும் கிரிபாத்திப் பாராளுமன்றத்தில் ஓர் இடம் உண்டு.

அண்டைத் தீவின் பாடம்

பனாபாவோடு நவுருவை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். அதே கல், அதே கமிஷனர்கள். ஆனால் முதல் உலகப்போருக்குப் பின் நவுரு சர்வதேச சங்கத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட நாடாயிற்று. 1947-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பில் வந்தது. ஆள்வோர் தருமகர்த்தா என்பது அங்கே எழுத்தில் இருந்தது. உலக சபையின் முன் ஆண்டுதோறும் கேள்வி கேட்கவும் இடம் இருந்தது. நவுரு 1968-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றுத் தொழிலையும் தன் கைக்கு வாங்கிக்கொண்டது. பாழான நிலத்துக்காக 1989-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 1992-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா 10 கோடியே 70 இலட்சம் டாலர் தர உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நவுருவின் பிற்கால வாழ்வும் துன்பமற்றதன்று. எனினும் கேட்கும் வழி அதற்கு இருந்தது. பனாபாவுக்கு இல்லை. 300 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே கல்லின்மேல், இரண்டு நீதி நிகழ்ந்ததற்குக் காரணம் அந்த ஓர் எழுத்துதான்.

ஆகவே கனிம உரிமை பற்றிய எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்கப் பழகவேண்டும். கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா? கல்லின் மதிப்பு இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததா? ஈடு எதை வைத்து அளக்கப்பட்டது, எடையையா விலையையா? வாக்குத் தவறினால் முறையிட, ஒப்பந்தத்தால் நன்மை பெறாத ஒரு சபை உண்டா? பனாபாவில் இந்த நான்கிற்கும் விடை ஏமாற்றமே.

கடைசியாக, என்னோடு படிக்கும் நண்பர்களுக்கு ஒன்று. நம்முள் பலர் நாளை கனிம ஆய்வு அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போவோம். கற்களைச் சோதித்து அறிக்கையில் கையொப்பமிடுவோம். எல்லிஸ் திருடர் அல்லர். திறமையான, உழைப்பில் சலியாத மனிதர். அவருடைய சோதனையில் பிழை ஒன்றும் இல்லை. 1938-ஆம் ஆண்டில் சர் பட்டமும் பெற்றார். அந்தக் கல் எவருடைய நிலத்தில் கிடக்கிறதோ, அவருக்கும் சோதனையின் முடிவைச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் மட்டும் அன்று எவருக்கும் எழவில்லை. நம் குறிப்பேட்டில் கல்லின் பெயர், நிறம், கடினம், சோதனை, முடிவு என்று ஐந்து பத்திகள் உண்டு. நிலத்துக்குரியவர் யார் என்று ஆறாவது பத்தி ஒன்று இல்லை. அதை அச்சிட்டுத் தர யாரும் வரமாட்டார்கள். நாமே கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.